முள்ளம்பன்றிகளின் மனேஜர்

கூடைப்பந்து டீம் ஒன்றின் மனேஜர் என்றால் வேறொன்றுமில்லை, பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். தண்ணீர்ப் போத்தல், ஐஸ் பெட்டி, வியர்வை ஜெர்சி மூட்டை, கோச்சின் கோபம், ரெஃப்ரியின் ரோஷம், தாய்மாரின் டெலிபோன் கோல் எல்லாம் நம் தலையில்தான். உங்களில் யாராவது ஒரு சின்ன ஊர் டீமின் பின்னால் அலைந்திருந்தால் நான் விளக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை காலையில் கேற்றடியில் நின்று, "இந்தமுறை எத்தனை போயிண்டில தோத்தீங்க?" என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கும் இருப்பார்.

நான் ஜெசிந்தா. கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். அக்குறணையில் டைல் கடை வைத்திருக்கும் ஹாஜியாரிடம் கிளார்க்காக இருந்தேன். அவருடைய மகள் ரிஸ்னா பள்ளிக்கூட டீமுக்குக் கெப்டன். ஏ லெவல் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தை விட்டதும் அவளுக்கு விளையாட இடமில்லாமல் போனது. ஆண் பிள்ளைகளுக்குக் கழகம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம்தான் இருந்தது. ரிஸ்னா வீட்டில் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் ஹாஜியார் என் மேசைக்கு வந்து, "ஜெசிந்தா, பொம்புளப் புள்ளைகளுக்கு ஒரு டீம் செய்வோம். வெளயாட்டே வேல. மாசாமாசம் சம்பளம்" என்றார். நான் சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை நான் மனேஜர்.

கட்டி வைத்த பை

கோச் பண்டார சேர். சிங்களவர். பிள்ளைகளைத் திட்டித் திட்டியே தமிழ் பழகியவர். மடுல்கெல்லப் பக்கத்து ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய ஒரு உயரமான பிள்ளையைப் பார்த்து, வீட்டுக்கு வந்து கேட்பதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "அவ வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு பஸ் மாறி, கடைசி மூன்று மைல் நடந்து, அந்தப் பிள்ளை கலைச்செல்வியின் லயத்து வரிசை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். கண்டியில் தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, சம்பளம் உண்டு. வேலை? பந்து விளையாடுவது. அந்த இடத்தில் அம்மாவின் முகம் மாறியது. "பந்து வெளையாடுறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போறவங்களும் இப்படித்தான் இனிக்கப் பேசுவாங்க" என்றார். பிழையே இல்லை. நானும் தாயாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பக்கத்துக் காம்பிரா அறைகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். பண்டார சேர் வலைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி நிலைமையை இன்னும் மோசமாக்கினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஓரமாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவ நேத்தே பையைக் கட்டிட்டாம்மா. நீங்கதான் இப்ப வந்து கேக்குறீங்க."

பெயர் வந்த கதை

முதல் வருடம் நாங்கள் விளையாடிய எல்லா மெட்சும் தோற்றோம். செல்வி, பந்தோடு ஓடக்கூடாத வலைப்பந்துப் பழக்கத்தில், பந்தைப் பிடித்ததும் சிலை மாதிரி நின்றுவிடுவாள். "ஓடு, ஓடு" என்று மொத்த பெஞ்சும் கத்தும். அவள் பந்தைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

இரண்டாம் வருடம் டீமுக்குப் பெயர் பதிய வேண்டும் என்று கடிதம் வந்தது. சிங்கத்தை ஒருவர் எடுத்துவிட்டார். சிறுத்தையை இன்னொருவர். கழுகு, யானை, நாகம் ஒன்றும் மிச்சமில்லை. "கண்டிக்கு என்ன மிருகம் இருக்கு?" என்று பண்டார சேர் கேட்டார். "குரங்கு" என்றாள் ரிஸ்னா. எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளம்பன்றி" என்றாள். ஹாஜியாருக்கு அந்தப் பெயரில் பிற்பாதி பிடிக்கவில்லை. அது பன்றியே இல்லை, எலி வகை என்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது. கடைசியில் ஜெர்சியில், பன்றி என்ற சொல் வராதபடி, சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதுவது என்று முடிவானது. எதற்கு அந்தப் பெயர் என்று நான் செல்வியிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "எங்க மலையில சிறுத்தை நாயைத் தூக்கும், ஆட்டைத் தூக்கும். முள்ளம்பன்றிகிட்ட மட்டும் யோசிச்சிட்டுத்தான் வரும் அக்கா."

தும்புத்தடி

ஜெர்சி அச்சடித்தவர் முள்ளம்பன்றியைப் பார்த்ததே இல்லை போலும். நெஞ்சில் இருந்த படம் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் தும்புத்தடி, தெருக் கூட்டுகிற நீளத் துடைப்பம். கொழும்பில் ஒரு மெட்சில் எதிர்ப்பக்க ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது வெறும் சிரிப்பாக இருந்திருந்தால் விட்டிருப்போம். ஆனால் எங்கள் டீமில் மஹய்யாவைப் பிள்ளை ஸ்டெல்லா இருந்தாள். அவளுடைய அம்மாவும் என்னுடைய அம்மாவும் கண்டி நகரத்தின் வீதிகளைக் கூட்டிச் சம்பளம் வாங்கியவர்கள். அது யாருக்கோ தெரிந்திருக்கிறது. அடுத்த மெட்சுக்கு அவர்கள் நிஜத் தும்புத்தடிகளோடு வந்தார்கள். ஸ்டெல்லா பந்தைத் தொடும்போதெல்லாம் அதைத் தூக்கி ஆட்டினார்கள். அவள் எட்டு முறை எறிந்து ஒன்றையும் போடவில்லை. பஸ்ஸில் வரும்வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஸ்டெல்லாவின் அம்மா சொல்லி என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அதே டீம் கண்டிக்கு வந்த நாளில், மெட்ச் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, வாசலில் ஏதோ வாக்குவாதம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முப்பது பெண்கள். வேலை முடிந்த கையோடு, போட்டிருந்த செம்மஞ்சள் மேலங்கியோடு, ஆளுக்கொரு நீளத் தும்புத்தடியோடு நிற்கிறார்கள். முன்னால் என் அம்மா. ஓய்வு பெற்று நான்கு வருடமான அம்மாவும் எங்கிருந்தோ ஒரு மேலங்கி எடுத்துப் போட்டிருந்தார். "கொடி கொண்டுபோகலாம், தும்புத்தடி கொண்டுபோக முடியாது" என்றான் காவலாளி. "இதுதான் எங்க கொடி" என்றார் அம்மா. உள்ளே விடக்கூடாத சாமான்களை எழுதியிருந்த போர்ட்டில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். போர்ட்டில் பட்டாசு இருந்தது, போத்தல் இருந்தது, தும்புத்தடி இல்லை.

முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். தடிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடவில்லை. எதிர்ப்பக்க ரசிகர்கள் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டைத் தடிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலடியில் மறைத்தார்கள். ஸ்டெல்லா அன்றைக்குப் பத்தொன்பது போயிண்ட் போட்டாள். நாங்கள் வென்றோம். அது எங்கள் முதல் பெரிய வெற்றி. எல்லோரும் கலைந்து போகிற நேரம் அம்மா எதிர்ப்பக்கத்துக்கு நடந்து போனார். அங்கே முதல் வரிசையில் இருந்த ஒரு பெடியனிடம் தன் தடியை நீட்டினார்: "ஆட்டத் தெரிஞ்சா போதாது தம்பி, கூட்டத் தெரியணும். இந்தா, உங்க பக்கம் கச்சான் கடலைக் கோது கெடக்கு."

அதற்குப் பிறகுதான் டீம் பிரபலமானது. எங்கள் மெட்சுக்குத் தும்புத்தடி கொண்டுவருவது கண்டியில் ஒரு மரியாதை ஆகிவிட்டது. ஜெர்சிப் படத்தைத் திருத்தித் தரட்டுமா என்று அச்சடித்தவர் கேட்டபோது பிள்ளைகள் விடவில்லை.

மயில்வாகனம்

யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவள் துவாரகா. படிப்பு முடிந்த பிறகும் எங்கள் டீமுக்காகக் கண்டியிலேயே தங்கிவிட்டாள். இடது மூலையில் நின்று எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே போகும். அவ்வளவு சுத்தம். அவளுடைய முழுப்பெயர் மயில்வாகனம் துவாரகா.

வெளியூர் மெட்ச் ஒன்றில் அறிவிப்பாளர் சிங்களத்தில் பெயர்களை வாசித்தார். எங்கள் பிள்ளைகளின் பெயர் வரும்போது அவருக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். அன்றைக்கு, "ஒன்பதாம் நம்பர்... மயில்... வாஹன!" என்று நிறுத்தி, தானே சிரித்துவிட்டார். சிங்களத்தில் வாஹன என்றால் கார், பஸ். கூட்டம் பிடித்துக்கொண்டது. நாலு பக்கமும் "பீப், பீப்" என்று ஹோர்ன் சத்தம்.

மற்ற நாலு பேரும் கோர்ட்டுக்குள் போய்விட்டார்கள். துவாரகா பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எழும்பு பிள்ளை, லேட் பண்ணினால் ஃபவுல் தருவாங்க" என்றேன். "தரட்டும் அக்கா. அது எங்கட அப்பான்ர பேர். ஹோர்ன் அடிக்க அவர் பஸ் இல்லை. ஒழுங்காச் சொல்லட்டும், நான் வாறன்" என்றாள். ரெஃப்ரி வந்து மணிக்கூட்டைக் காட்டினார். உள்ளே போன நாலு பேரும் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆடாமலே எதிர் டீமுக்கு வெற்றி என்று வோக் ஓவர் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியது நான். பண்டார சேரைப் பார்த்தேன். அவரும் எங்களோடு உட்கார்ந்தார்.

நான் எழும்பி அறிவிப்பாளர் மேசைக்குப் போனேன். ஒரு கடதாசியில் சிங்கள எழுத்தில் பெயரைப் பிரித்து எழுதிக் கொடுத்து, அருகில் நின்று சொல்லிக் கொடுத்தேன். முதல்முறை சறுக்கினார். இரண்டாவது முறை பாதி வந்தது. மூன்றாவது முறை மைக்கில் "மயில்வாகனம் துவாரகா" என்று கோயில் மணி மாதிரிச் சொன்னார். துவாரகா எழும்பி ஓடினாள். நாங்கள் ஒரு ஃபவுலோடு தொடங்கி ஆறு போயிண்டில் வென்றோம். முடிந்ததும் அறிவிப்பாளர் என்னைத் தேடி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மிஸ், அடுத்தமுறை எல்லாப் பெயரையும் முதல் நாளே எழுதித் தாங்க. எனக்கு எழுபது வயசு அம்மா இருக்கிறா, வீட்ல போய் நடந்ததைச் சொன்னேன் என்றால் அவவும் என்னை ஏசுவா."

என் குடை

ரிஸ்னா தலையை மூடும் கறுப்புத் துணியோடுதான் விளையாடுவாள். கழுத்தோடு இறுக்கமாக ஒட்டி நிற்கும், ஊசி கிடையாது. ஒரு நாள் புதிதாக வந்த ரெஃப்ரி அதைக் கழற்றச் சொன்னார். நான் சட்டப் புத்தகத்தை எடுத்து, அனுமதி இருக்கிற பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் வாசித்தார். வாசிக்காமல் இருந்திருக்கலாம். "சரி, போடலாம். ஆனால் தலையில் கட்டுகிற எல்லாரும் ஒரே நிறத்தில் கட்ட வேண்டும் என்று இதே பக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் வெள்ளைப் பட்டி கட்டியிருக்கிறார்கள். இவர் கழற்றட்டும்" என்றார்.

ரிஸ்னா பெஞ்சுக்கு நடந்தாள். வெள்ளைப் பட்டி கட்டியிருந்தது செல்வியும் துவாரகாவும். "நீங்க ரெண்டு பேரும் அவிழ்த்துப் போடுங்க, பிரச்சினை முடிஞ்சது" என்றேன். செல்வி தலையை ஆட்டினாள். "அவுத்தா அவ மட்டும் தனியா தெரிவா அக்கா. எல்லாரும் கறுப்புல கட்டுவோம்" என்றாள். கறுப்புத் துணிக்கு அந்த நேரத்தில் எங்கே போவது? அவளுடைய கண் என் குடையில் விழுந்தது. கண்டியில் குடையில்லாமல் வெளிக்கிடுகிறவள் நானில்லை. நல்ல குடை, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐஸ் பெட்டியில் கிடந்த கத்தரிக்கோலால் கம்பியிலிருந்து துணியைப் பிரித்து, ஒன்பது பட்டியாகக் கிழித்தார்கள். மற்ற ஒன்பது பேரும் நெற்றியில் கட்டிக்கொண்டு ரிஸ்னாவோடு வரிசையில் நின்றார்கள். ரெஃப்ரி ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டு போனார். விசிலை ஊதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

மெட்ச் முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது மழை அடித்து ஊற்றியது. என் கையில் வெறும் குடைக்கம்பி. நான் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நீங்க நனஞ்சா காஞ்சிருவீங்க. நா இன்டைக்கி பெஞ்சுல குந்தி ஈந்தா, அது எப்பவும் காஞ்சீக்காது."

லீக்ஸ் லொறி

நாட்டில் டொலரும் பெட்ரோலும் இல்லாத அந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பில் மெட்ச். பஸ்காரர் டீசல் இல்லை என்று முதல் நாள் பின்னேரம் கைவிரித்தார். ரயிலில் ஜன்னலில்கூட இடமில்லை. எதிர் டீமின் மனேஜர் டெலிபோனில் மிகவும் அன்பாக, "கஷ்டப்பட வேண்டாம் மிஸ், வரமுடியாது என்று ஒரு கடிதம் அனுப்புங்க, போதும்" என்றார். அந்தக் கடிதம் போனால் புள்ளி அவர்களுக்கு. நான் பிள்ளைகளிடம் சொன்னேன். செல்வி, "மரக்கறி லொறி போகுதுதானே?" என்றாள்.

விடியும்போது பத்துப் பேரும் பண்டார சேரும் நானும் வெங்காய வாடை அடிக்கும் லீக்ஸ் கட்டுகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்தோம். கடுகண்ணாவை இறக்கத்தில் கட்டுகள் சரிந்து ஸ்டெல்லா கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டாள். காலைப் பிடித்து இழுத்து எடுத்தோம். கொழும்பில் இறங்கியபோது எல்லார் தலையிலும் மண். மைதானத்துக்குள் நாங்கள் போனதும் எதிர் டீம் மூக்கைப் பொத்தியது. உடம்பைச் சூடாக்க நேரமில்லை, நேரே விளையாடினோம். முதல் பாதியில் பதினெட்டுப் போயிண்ட் பின்னால். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து கடைசியில் இரண்டே போயிண்டில் தோற்றோம். பிள்ளைகள் அழவில்லை. கோர்ட்டின் நடுவில் கையைக் கோர்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர் டீமின் மனேஜர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்: "மிஸ், அந்தக் கடிதத்தை நீங்க அனுப்பியிருந்தால் நான் இன்றைக்கு பிரஷர் குளிசை போட்டிருக்கத் தேவையில்லை."

டைல் பெட்டிகளின் மேல்

அதே காலத்தில் டைல் இறக்குமதியும் நின்றது. கடையில் சரக்கில்லை. ஹாஜியார் முதல்முறையாக என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். கொழும்புக் கம்பனி ஒன்று டீமை அப்படியே எடுத்துக்கொள்ளக் கேட்கிறது, நீங்களே யோசித்து முடிவெடுங்கள் என்றார். கம்பனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். கடையின் பின்பக்க ஸ்டோரில், மிச்சமிருந்த டைல் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பேசினோம். நல்ல சம்பளம், நல்ல விடுதி, ஏசி ஜிம். ஆனால் பெயரை மாற்ற வேண்டும். கண்டியில் இனி மெட்ச் இல்லை. முழங்கால் தேய்ந்த செல்வி தேவையில்லை. கடைசியாக, மிக மெதுவாக, விளம்பரப் படத்துக்குத் தலைத்துணி சரிவராது என்றார்.

ரிஸ்னா, "என்னைப் பார்க்காதீங்க, நீங்க போங்க" என்றாள். கடைசியில் துவாரகா எழும்பினாள். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம், தம்பி படிக்கிறான். "நான் போகத்தான் வேணும்" என்று செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செல்வி அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டாள். இன்னொரு பிள்ளையும் போனாள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். மற்ற எட்டுப் பேரும் பெட்டியை விட்டு எழும்பவில்லை. "சம்பளம் இல்லாமல் எத்தனை நாளைக்கு?" என்று டை கட்டியவர் கேட்டார். பண்டார சேர் தொண்டையைச் செருமினார்: "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு ப்ரெக்டிஸ். லேட்டா வந்தா கோர்ட்டைச் சுத்திப் பத்து ரவுண்ட்."

மூன்று பேர்

செல்வி புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். ரிஸ்னா பாலர் பாடசாலையில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். ஸ்டெல்லா ஒரு பார்மசியில் சேர்ந்தாள். ஒரு ஃபாதர் தன் பள்ளிக்கூடக் கோர்ட்டைக் காலையில் தந்தார். ஒரு பிள்ளை கர்ப்பமாகி விளையாட்டை நிறுத்தியதும் ஏழு பேர்தான் மிச்சம். அந்த ஏழு பேரோடுதான் அரையிறுதிக்கு வந்தோம். எதிரில் அதே கொழும்புக் கம்பனி. அவர்களுக்குப் பன்னிரண்டு பேர், புதுச் சப்பாத்து, ஒன்பதாம் நம்பரில் துவாரகா.

கடைசிக் கால் பகுதி தொடங்கியபோது நாங்கள் பதினொரு போயிண்ட் முன்னால். பிறகு ஒருத்தி காலைச் சுளுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேர் ஐந்து ஃபவுலோடு வெளியே. நாலு பேரோடு ஆடினோம். கூட்டம் எழும்பி நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்னொருத்திக்கும் ஐந்தாவது ஃபவுல். கோர்ட்டில் செல்வி, ரிஸ்னா, ஸ்டெல்லா மூன்றே பேர். செல்வியின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வயதான ரெஃப்ரி என்னிடம் வந்து, "போதும்தானே மிஸ், நிறுத்துவோமா?" என்று சிங்களத்தில் இரக்கத்தோடு கேட்டார். எனக்கும் நிறுத்தத்தான் மனம். செல்வி நொண்டிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேர் நிக்கிற வரைக்கும் டீம்தான்னு சட்டம். நாங்க மூணு பேர் இருக்கோம் சேர். ஒராள் எக்ஸ்ட்ரா" என்றாள்.

மூன்று பேர் ஐந்து பேரை மறித்தார்கள். பதினொன்று ஐந்தானது, மூன்றானது, ஒன்றானது. கடைசி எட்டு விநாடி. பந்து அவர்களிடம். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு செல்வி இடது மூலைக்குப் போனாள். அவளுக்குத் தெரியும். பந்து அங்கேதான் வந்தது, துவாரகாவிடம். செல்வி அந்தக் காலோடு குதித்தாள். விரல் நுனி பட்டதா இல்லையா என்று இன்றைக்கும் அவளுக்கே நிச்சயமில்லை. பந்து வளையத்தின் விளிம்பில் அடித்து வெளியே விழுந்தது. ஒரு போயிண்டில் வென்றோம். இறுதிப் போட்டியில் நின்று ஆட ஆளில்லாமல் படுதோல்வி அடைந்தது வேறு விஷயம். கண்டியில் அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

நான் ஓடிப்போய் செல்வியைத் தாங்கினேன். அவளுடைய மற்றத் தோளைத் தாங்க ஒரு கை வந்தது. பார்த்தால் துவாரகா, கம்பனி ஜெர்சியோடு. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "அக்கா, நான் இப்ப அழோணுமோ சிரிக்கோணுமோ எண்டு தெரியேல்லை. முதல்ல இவாவ இருத்துவம், பிறகு யோசிப்பம்."

ஹாஜியார் இப்போது உள்ளூர் டைல் விற்கிறார். முன்பு தந்ததில் பாதிச் சம்பளம் தருகிறார். கொழும்புக் கம்பனி இரண்டு வருடத்தில் பெண்கள் டீமே வேண்டாம் என்று மூடிவிட்டது. துவாரகா தன் பையோடு கண்டிக்கு வந்துவிட்டாள். அப்பாவின் மருந்துச் செலவில் ஒரு பங்கை டீம் பார்க்கிறது. செல்வி விளையாடுவதை நிறுத்திவிட்டு பண்டார சேருக்குப் பக்கத்தில் நின்று அவரைவிட அதிகமாகக் கத்துகிறாள். சுருக்கமாகச் சொன்னால், இந்த டீம் இந்த வருடத்தோடு சரி என்று வருடாவருடம் சொன்ன பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், எனக்கு மட்டும் நாளைக் காலைக்குள் பன்னிரண்டு ஜெர்சி துவைத்துக் காயப்போட வேண்டியிருக்கிறது.